பெர்லின்: பெட்டக அறையில் பிறந்த தாளம்

பெர்லினில் இரவுக்கு மூடும் நேரம் கிடையாது. அதற்குக் காரணம் ஒரு போத்தல் விஸ்கி என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள்.

1949ல் நகரம் நான்கு வல்லரசுகளின் பிடியில் இருந்தது. மதுக்கூடங்களை எத்தனை மணிக்கு மூடுவது என்பதில் மேற்குப் பகுதிக்கும் சோவியத் வசமிருந்த கிழக்குப் பகுதிக்கும் ஓயாத போட்டி. ஒருவர் ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் மற்றவர் இரண்டு மணி நேரம் தள்ளி வைப்பார். ஹைன்ஸ் செல்லர்மாயர் என்ற ஹோட்டல்காரர், அமெரிக்கப் பகுதியின் தளபதி ஃபிராங்க் ஹவ்லியை விஸ்கியுடன் போய்ப் பார்த்தார். மூடும் நேரம் என்று ஒன்று இருந்தால்தானே போட்டி, அதையே எடுத்துவிட்டால் என்ன என்பது அவருடைய வாதம். தளபதிக்கும் அது சரியாகப் பட்டது. அப்படித்தான் மூடும் நேரம் போனது.

அதனால்தான் பெர்லினில் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் நடன விருந்து திங்கட்கிழமை காலையிலும் நடந்துகொண்டிருக்கும். காலை நிகழ்ச்சிக்காக நாலு மணிக்கே எழுந்து பழகிய வானொலிக்காரி நான். எனக்கு அலாரம் அடிக்கும் நேரத்தில் அங்கே பலர் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் அங்கே போனதற்கு இந்தத் தலைகீழ் கடிகாரம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பாட்டில் வரிகள் இல்லாவிட்டால் நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார் என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி. வரிகளே இல்லாத இசைக்காக ஒரு நகரம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வரிசையில் நிற்கிறதே, அது எப்படி என்று நேரில் பார்க்க விரும்பினேன்.

கிளம்புவதற்கு முன் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அங்க போயி கிளப்புக்கா போகப் போற?" ஆமாம் என்றேன். "தனியாவா?" என்றார். அம்மாவின் அந்த இரண்டாவது கேள்விக்கும் இந்தக் கட்டுரையில் பதில் இருக்கிறது.

இது என்ன இசை?

ஹவுஸ், டெக்னோ இரண்டுமே பெர்லினில் பிறந்தவை அல்ல. ஹவுஸ் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோவில். அங்கே ஒரு பழைய கட்டடத்தில் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப் இருந்தது. 1977 முதல் அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். வேறு எங்கும் நிம்மதியாக ஆட முடியாத கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஒருபாலீர்ப்பு இளையர்கள்தான் அங்கே கூடினார்கள். கிளப்பின் பெயரிலிருந்த பின்பாதிதான் இசைக்குப் பெயராயிற்று.

டெக்னோ டெட்ராய்ட்டின் பிள்ளை. கார் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த நகரம் அது. அதன் புறநகரான பெல்வில்லில் ஒன்றாகப் படித்த வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின நண்பர்கள் மலிவான மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு இந்த இசையை உருவாக்கினார்கள். 1988ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பின் தலைப்புதான் 'டெக்னோ' என்ற சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கனமான அடி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடி என்றால் அநேகமாக ஹவுஸ். பெரும்பாலும் அதில் சற்று வெதுவெதுப்பு இருக்கும். ஒரு பியானோ, ஒரு பெண் குரல் வந்துபோகும். டெக்னோ பொதுவாக அதைவிட வேகம், அதைவிட வறட்சி. இயந்திரம் மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

அந்த அடியைத் தந்த கருவிகள் ஜப்பானில் ரோலண்ட் நிறுவனம் செய்தவை. 1980ல் வந்த டிஆர்-808, 1983ல் வந்த டிஆர்-909 இரண்டும் உண்மையான மேளம்போல் ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். விலை விழுந்தது. கையில் காசில்லாத இளையர்கள் பழைய கடைகளில் அவற்றை வாங்கினார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே அடி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். உறுமி மேளம். காவடி எடுப்பவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். பத்து நிமிடம் அதே அடி விழும்போது, பதினோராவது நிமிடத்தில் வரும் சின்ன மாற்றம் உடம்பையே தூக்கிப்போடும். பக்தியும் நடனமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. தாளம் மனிதருக்குள் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

சுவரைத் தாண்டிய வானொலி

என் தொழில் காரணமாக என்னை அதிகம் ஈர்த்த பகுதி இது. டெட்ராய்ட்டில் 1970களின் இறுதியிலிருந்து 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் ஓர் இரவு அறிவிப்பாளர் கோலோச்சினார். கறுப்பினத்தவருக்கு ஒரு நிலையம், வெள்ளையருக்கு ஒரு நிலையம் என்று பாட்டுகள் பிரிந்து கிடந்த காலத்தில் அவர் எல்லாவற்றையும் கலந்து ஒலிபரப்பினார். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரைச் சேர்ந்த கிராஃப்ட்வெர்க் குழுவின் மின்னணு இசையும் அதில் உண்டு. நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் வாசல் விளக்கை அணைத்து ஏற்றுங்கள், காரில் இருந்தால் ஹார்ன் அடியுங்கள் என்பார். தெருவே பதில் சொல்லும். பெல்வில் நண்பர்கள் அந்த நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜெர்மானிய இசை வானொலி வழியாக டெட்ராய்ட்டுக்குப் போய், டெக்னோவாக உருமாறி, பத்தாண்டுகளில் ஜெர்மனிக்கே திரும்பி வந்தது.

திரும்பி வந்ததும் வானொலி வழியாகத்தான். மேற்கு பெர்லினின் எஸ்எஃப்பி நிலையத்தில் மோனிகா டீட்ல் என்ற அறிவிப்பாளர் 1980களின் இறுதியில் புதிய ஹவுஸ் இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். சுவரால் மனிதர்களைத் தடுக்க முடிந்தது; பண்பலையைத் தடுக்க முடியவில்லை. கிழக்கே இருந்த இளையர்கள் அந்த நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்து கைமாற்றிக்கொண்டார்கள். அந்த விருந்துகள் நடந்த இடத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் போக முடியாது.

1989 நவம்பர் 9ஆம் தேதி இரவு சுவர் திறந்தது. அதுவரை காதால் மட்டுமே கேட்டிருந்த இசையைத் தேடி அவர்கள் நடந்தே வந்தார்கள்.

கிழக்கு ஜெர்மனிக்கும் சொந்தமாக ஓர் இளையர் வானொலி இருந்தது. டிடி64 என்று பெயர். நாடு இணைந்த பிறகு அதை மூட முற்பட்டபோது, 1991ல் நேயர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். வானொலி நிலையத்துக்காக மக்கள் குளிரில் நின்றார்கள் என்று படித்தபோது, ஒலிவாங்கி முன் உட்கார்ந்து பிழைக்கும் எனக்கு மனம் ஒரு நிமிடம் நின்றுபோனது.

யாருக்கும் சொந்தமில்லாத கட்டடங்கள்

சுவர் இடிந்த மறுநாள் கிழக்கு பெர்லினில் ஒரு விநோதம். எத்தனையோ கட்டடங்கள் யாருக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை. சில நாஜிகள் யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்தவை. சில பிறகு அரசுடைமையானவை. இப்போது அந்த அரசே இல்லை. வழக்கு தீரும்வரை கட்டடம் காலி. காவல்துறைக்கோ தலைக்கு மேல் வேறு வேலை. இளையர்கள் ஜெனரேட்டர், இரண்டு சுழல்மேசை, ஒலிபெருக்கி ஆகியவற்றுடன் உள்ளே போனார்கள்.

அவற்றில் மிகப் புகழ்பெற்றது டிரெசோர். ஜெர்மன் மொழியில் பெட்டகம் என்று பொருள். லைப்சிகர் தெருவில் வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தின் பேரங்காடி இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய அங்காடிகளில் ஒன்று. நாஜிகள் காலத்தில் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது. போரில் குண்டுவீச்சுக்கு ஆளாகி, பின்னர் இடிக்கப்பட்டது. ஆனால் நிலத்துக்கு அடியில் இருந்த பெட்டக அறை மட்டும், சுவரை ஒட்டிய ஆளில்லாப் பகுதியில், பல பத்தாண்டுகள் இருட்டிலேயே கிடந்தது. டிமித்ரி ஹேகமானும் நண்பர்களும் அதைக் கண்டுபிடித்து, 1991 மார்ச்சில் கிளப்பாகத் திறந்தார்கள். சுவரெல்லாம் துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டிகள். தாழ்ந்த கூரை. கூரையிலிருந்து வியர்வை சொட்டும் என்பார்கள்.

அதே ஆண்டு அவர்கள் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு டெட்ராய்ட் கலைஞர்களுடையது. தொழில் செத்த அமெரிக்க நகரமும், அரசு செத்த ஜெர்மன் நகரமும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. சொந்த ஊரில் கண்டுகொள்ளப்படாத அந்தக் கறுப்பினக் கலைஞர்களுக்குப் பெர்லினில் கூட்டமும் வருமானமும் கிடைத்தன. பெர்லின் டெக்னோ என்று பேசும்போது இந்தக் கடனைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வெர்ட்ஹைம் இருந்த இடத்தைத் தேடிப் போனேன். 2014ல் திறக்கப்பட்ட 'மால் ஆஃப் பெர்லின்' பேரங்காடி அங்கே நிற்கிறது. குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, உணவுக்கூடம். ஆர்ச்சர்ட் ரோட்டில் இருப்பதுபோலவே இருந்தது. பழைய டிரெசோர் 2005ல் மூடப்பட்டு, 2007ல் கோபெனிக்கர் தெருவிலுள்ள ஒரு பழைய மின்நிலையத்துக்கு இடம் மாறியது. பெட்டகத்தின் இரும்புக் கம்பிகளையும் பெட்டிகளையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாசலும் உள்ளேயும்

பெர்லின் கிளப்புகளின் வாசல் உலகப் புகழ் பெற்றது. நல்ல சட்டை, விலையுயர்ந்த காலணி, முன்பதிவு மேசை எதுவும் அங்கே உதவாது. வாசல் காவலர் உங்களைப் பார்ப்பார். தலையசைத்தால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு.

ஒரு கிளப்பின் பெயர் வேண்டாம். சனிக்கிழமை இரவு அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இத்தாலிய ஜோடி உள்ளே போனது. என்னைப் பார்த்த காவலர் மெல்லிய குரலில், "ஹொய்டே நிஷ்ட்" என்றார். இன்று இல்லை. காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். தனியாக வந்ததாலா, சுற்றுப்பயணி என்று முகத்தில் எழுதியிருந்ததாலா, தோலின் நிறமா? தெரியாமல் திரும்பி நடப்பதுதான் வலி.

இந்த வாசல் வழக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. வெளியே கேலிக்கும் அடிக்கும் ஆளானவர்கள் உள்ளேயாவது பயமின்றி இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வருபவர்கள் கூடினால் அது கெட்டுவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் சொல்லாத வாசலில் பாகுபாடும் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளலாம். விரட்டப்பட்டவர்கள் உருவாக்கிய இசைக்கு இந்தக் கேள்வி மற்றவற்றைவிட அதிகமாகப் பொருந்தும்.

டிரெசோருக்கு வாரநாளில் போனேன். கைப்பேசியின் கேமராவில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டினார்கள். பெர்லின் கிளப்புகள் பலவற்றில் இதுதான் வழக்கம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. மேல்தளத்தில் ஹவுஸ் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்துக்கு ஒரு நீண்ட சுரங்கப்பாதை. நடக்க நடக்க அடி காலில் ஏறுகிறது, பிறகு விலா எலும்பில். கடைசியில் புகையும் ஒற்றை வெளிச்சமும். எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. டிஜே கம்பிக்குப் பின்னால் நிற்கிறார். அவரையும் யாரும் பார்க்கவில்லை. யாரும் யாரையும் பார்க்காத, யாரும் படம் எடுக்காத ஓர் இடத்தில் நான் கடைசியாக எப்போது நின்றேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அங்கே கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. பாட்டு முடிவதே இல்லை. ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை அதே வேகத்துக்கு இழுத்து, அடியோடு அடி பொருத்தி, மெல்ல உள்ளே விடுகிறார் டிஜே. எந்த நொடியில் மாறியது என்று தெரியாது. இரண்டு பாட்டுக்கு நடுவே வாய் ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்கும் எனக்கு, பேச்சுக்கு இடமே தராத அந்தத் தொடர்ச்சி முதல் அரை மணி நேரம் தவிப்பாக இருந்தது. பிறகு ஓய்வாக இருந்தது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தனியாக வந்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். யாரும் நெருங்கித் தொந்தரவு செய்யவில்லை. சில கிளப்புகளில் அப்படி ஏதாவது நடந்தால் சொல்வதற்கென்றே ஒரு குழு சுற்றி வருகிறது. வெள்ளி, சனி இரவுகளில் யூ-பான் என்ற பாதாள ரயில் விடிய விடிய ஓடுகிறது. நம் ஊரில் கடைசி ரயிலைத் தவறவிட்டு டாக்சிக் கட்டணத்தைக் கண்டு மலைப்பதுபோன்ற நிலை அங்கே இல்லை.

போதைப்பொருளைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உலகில் அது இருக்கிறது, கண்ணில் படும். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் குறிப்பிட்ட அளவு கஞ்சா வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் நம் சட்டப்படி குற்றம்தான். நான் இரண்டு போத்தல் தண்ணீரோடு ஆறு மணி நேரம் ஆடினேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அண்ணன் கடை

விடியற்காலை ஐந்தரைக்கு வெளியே வந்தபோது பசி. கிழக்குப் பக்கம் நடந்ததில் ஒரு சிறிய உணவுக்கடை திறந்திருந்தது. கல்லாவுக்கு மேலே முருகன் படம். "தமிழோ?" என்று கேட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தாண்டியவர்.

"எண்பத்திநாலில வந்தனான், தங்கச்சி," என்றார். "சுவர் நிண்ட காலம். அந்தப் பக்கத்தால வந்துதான் இந்தப் பக்கம் ஏறினது."

அவர் சொன்னது தனிக்கதை அல்ல. 1980களின் முதல் பாதியில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்‌ஸ்ட்ராசே ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். கிழக்கு அரசு பயணிகளை அனுப்பிவைத்தது. மேற்கோ அந்தக் கோட்டை எல்லையாகவே ஏற்காததால் அங்கே கடப்பிதழ்ச் சோதனை நடத்தவில்லை. 1985ல் மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலுக்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. சொந்த மக்களைச் சுட்டுத் தடுத்த சுவரில் நம்மவர்களுக்குச் சில காலம் ஒரு கதவு இருந்தது. இன்று பிரிட்ஸ் பகுதியில் ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் நிற்கிறது என்றால் அதன் தொடக்கத்தில் அந்தக் கதவும் உண்டு.

டெக்னோ கேட்பீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "உந்தச் சத்தம் எனக்கு விளங்காது. ஆனா ஆடிப்போட்டுப் பசியோட வாற பிள்ளையள் இல்லையெண்டா இந்தக் கடையும் இல்லை. முந்தி விடிய மூண்டு மணிக்கு வரிசை நிக்கும். இப்ப பக்கத்தில ஒண்டைப் பூட்டிப்போட்டாங்கள். என்ர வியாபாரத்தில கால்வாசி போச்சு. வாடகை மட்டும் ஏறுது."

எனக்குக் கொத்து ரொட்டி கட்டித் தந்துவிட்டு, பின்னால் வந்த நான்கு ஜெர்மானிய இளையர்களுக்கு அவர்கள் மொழியில் காரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்.

கௌரவம் உண்டு, குத்தகை இல்லை

அண்ணன் சொன்னதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லே இருக்கிறது. 'க்ளுப்ஸ்டெர்பென்'. கிளப்புகளின் சாவு.

விசித்திரம் என்னவென்றால், அரசாங்கம் இந்தக் கலாசாரத்தை இப்போதுபோல் எப்போதும் மதித்ததில்லை. பெர்க்ஹைன் என்ற கிளப், கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் பழைய மின்நிலையத்தில் 2004 முதல் நடக்கிறது. அங்கே டிஜே வாசிப்பது இசைக்கச்சேரிக்குச் சமம் என்று 2016ல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேளிக்கைக்கான 19 விழுக்காட்டு வரிக்குப் பதில் கச்சேரிக்கான 7 விழுக்காடு போதும் என்றாயிற்று. கட்டட விதிகளில் கிளப்புகள் சூதாட்டக்கூடங்களோடும் விலைமாதர் விடுதிகளோடும் ஒரே பட்டியலில் இருந்தன. அவற்றைக் கலாசார இடங்களாகக் கருத வேண்டும் என்று 2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ கலாசாரம் ஜெர்மனியின் தொட்டுணர முடியாத கலாசார மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. நம் உணவங்காடிக் கலாசாரம் 2020ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். பட்டியல் வேறு, எண்ணம் ஒன்று.

அதே 2024 முடிவில், ஸ்பிரே ஆற்றங்கரையில் 2002 முதல் நடந்துவந்த வாட்டர்கேட் கிளப் கதவை மூடியது. ஓஸ்ட்குரொய்ஸ் நிலையத்தை ஒட்டிய சில கிளப்புகள் ஏ100 நெடுஞ்சாலை நீட்டிப்புத் திட்டத்தின் பாதையில் இருக்கின்றன. மரபுடைமைச் சான்றிதழைக் காட்டினால் எந்த நில உரிமையாளரும் வாடகையைக் குறைக்கப்போவதில்லை.

வழி ஒன்றும் இல்லையா என்றால், ஒன்றைப் பகலில் பார்த்தேன். ஆற்றங்கரையில் 'பார் 25' என்ற கிளப் 2010ல் வெளியேற வேண்டி வந்தது. அதை நடத்தியவர்கள் கலைந்துபோகவில்லை. கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஓய்வூதிய அமைப்பு ஒன்று 2012ல் அந்த நிலத்தை வாங்கி அவர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. இன்று அது ஹோல்ஸ்மார்க்ட் என்ற சிறு கிராமம். பழைய மரத்தில் கட்டிய குடில்கள், ரொட்டிக்கடை, பாலர் பள்ளி, அருகிலேயே கிளப். ஞாயிறு பிற்பகலில் குழந்தைகள் மணலில் விளையாட, பெற்றோர் தாழ்ந்த ஒலியில் ஹவுஸ் கேட்டபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு அனுப்பிய ஒரே படம் அங்கே எடுத்ததுதான். "நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது.

போக நினைப்பவர்களுக்கு

கோடையில் போனால் திறந்தவெளி நிகழ்ச்சிகள் அதிகம். நுழைவுக் கட்டணம் ஏறத்தாழ 20 முதல் 30 யூரோ. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், காதடைப்பான் கட்டாயம், ஒலி உண்மையிலேயே பலமானது. கூட்டமாகப் போகாதீர்கள், இருவர் மூவராகப் போவது நல்லது. வரிசையில் அமைதியாக நில்லுங்கள். அன்று யார் வாசிக்கிறார் என்று தெரிந்துகொண்டு போங்கள். சில வாசல்களில் அதைக் கேட்பார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தூங்கி எழுந்து, காலை உணவு சாப்பிட்டுவிட்டுக் கிளப்புக்குப் போவதை அந்த ஊரில் யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போன பழக்கம் அது. கிளப்புக்கே போக விருப்பமில்லாதவர்கள், 1989ல் தொடங்கிய 'ஹார்ட் வாக்ஸ்' இசைத்தட்டுக் கடையில் ஒரு மதியத்தைச் செலவிடலாம்.

இடம் இல்லாத ஊரில்

நமக்கும் ஒரு கிடங்குக் கதை உண்டு. 1991ல், டிரெசோர் திறந்த அதே ஆண்டில், ஜியாக் கிம் ஸ்திரீட்டில் ஆற்றை ஒட்டிய பழைய கிடங்குகளில் ஸூக் தொடங்கியது. நம் அக்கா, அண்ணன்கள் பலர் முதல்முதலாக ஹவுஸ் கேட்டது அங்கேதான். 2016ல் அது கிளார்க் கீக்கு மாறியது. கிடங்குகள் பாதுகாக்கப்பட்டன, அவற்றுக்குப் பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துவிட்டது.

பெர்லினுக்கு வாய்த்தது காலி இடம். ஓர் அரசு விழுந்து, சொத்துரிமை குழம்பி, ஒரு தலைமுறைக்கு ஒருமுறைகூட வராத இடைவெளி அது. அப்படியொன்று நம் தீவுக்கு வர வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டோம். நம்மிடம் காலி நிலமும் இல்லை. ஆனால் காலி நேரம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகு இருண்டு கிடக்கும் தொழிற்பேட்டைத் தளங்கள் எத்தனை? வார இறுதியில் ஆளில்லாத அலுவலகக் கட்டடங்கள் எத்தனை? நம் இளையர்களில் பறை பழகுபவர்கள், உறுமி அடிப்பவர்கள், படுக்கையறையில் மடிக்கணினியில் இசை செய்பவர்கள் எல்லாரும் கேட்பது அதே ஒன்றைத்தான்: அண்டை வீட்டார் புகார் கொடுக்காத ஓர் அறை, மாதம் சில இரவுகளுக்கு.

தைப்பூச ஊர்வலப் பாதையின் சில இடங்களில் 2016 முதல் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. ஒலிக்கு எங்கே, எவ்வளவு நேரம் இடம் கொடுப்பது என்று உட்கார்ந்து பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு அது நம் கண்முன்னே உள்ள சான்று. பெர்லினிலும் பேசித்தான் தீர்த்தார்கள். 2018ல் நகர அரசு பத்து லட்சம் யூரோ ஒதுக்கி, கிளப்புகள் ஒலித்தடுப்புச் சுவர் கட்டிக்கொள்ள உதவியது. அண்டை வீட்டார் தூங்கினார்கள், கிளப்பும் பிழைத்தது.

ஊர் திரும்பியதும் நிலையத்தில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நள்ளிரவில் ஒரு மணி நேரம். நம் இளையர்கள் செய்த, வரிகள் இல்லாத இசை மட்டும். நடுவில் நான் பேச மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு மேலாளர் முதலில் நம்பவில்லை. இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்.